அன்று பற்றரிக்குத் தடை, இன்று திருத்துவதற்கு

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் யாழ்ப்பாணத்துக்கு யாழ்தேவி ரயில் வருவது நின்றது. மின்சாரம் நின்றது. பெற்றோல், சீமெந்து, உரம் என்று அரசாங்கத்தின் நீண்ட தடைப் பட்டியலில் ரோச் பற்றரியும் ஏறியது. அப்போது நான் பள்ளிக்கூடப் பெடியன். வீட்டில் ஒரு சின்ன வானொலி இருந்தது. இரவானால் அதை எப்படியாவது பேசவைப்பதுதான் எங்களுடைய பெரிய வேலை. பிபிசி தமிழோசையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியும் இல்லாவிட்டால், அடுத்த ஊரில் என்ன நடந்தது என்றுகூட எங்களுக்குத் தெரியவராது.

செத்த பற்றரியை முதலில் வெயிலில் காயவைப்போம். அதற்கும் மசியாவிட்டால் ஆணியால் துளையிட்டு, உப்புத் தண்ணீர் சில துளி விட்டு, துளையை மெழுகால் அடைப்போம். உள்ளே காய்ந்த பசை ஈரமாகி இன்னும் கொஞ்ச நேரம் உழைக்கும். அதுவும் முடிந்தால் சைக்கிள்தான். முற்றத்தில் அதைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை ரயரில் சாய்த்து, ஒருவன் பெடலைக் கையால் சுற்றுவான். அவனுக்குக் கை சோர்ந்தால் செய்தியும் சோரும். உடனே அடுத்தவன் கைமாற்றுவான்.

டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் வேண்டும். இணுவிலில் வானொலி திருத்துகிற அண்ணை ஒருவர், பழைய பெட்டிகளில் கழற்றிய பாகங்களை மீன் ரின்களில் வகை வகையாகப் போட்டு வைத்திருந்தார். மின்சாரம் இல்லாததால் பற்றவைக்கும் கோலைத் தணலில் சூடாக்குவார். எங்களைப் பக்கத்தில் இருத்தி, “தம்பி, இந்த டயோட் ஒரு பக்கத்தாலதான் விடும். நாலையும் இப்பிடிச் சேர்த்தா, எந்தப் பக்கத்தால வந்தாலும் ஒரே பக்கமாத்தான் போகும்” என்று விளங்கப்படுத்துவார். அவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். அந்தக் கால வானொலிகள் பலவற்றின் பின்மூடிக்கு உள்ளே சுற்றுப்படம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். எங்கோ ஒரு கொம்பனிக்காரன், முகம் தெரியாத ஒருவர் ஒருநாள் இதைத் திறப்பார், அவருக்கு இது உதவும் என்று நினைத்து ஒட்டிய கடதாசி அது.

வீதியிலும் இதே நிலைதான். மொரிஸ் மைனரும் ஏ-40 காரும் ஹொண்டா மோட்டார் சைக்கிளும் சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடின. கராஜ்காரர் காபரேற்றரைக் கழற்றி, எரிபொருளுக்கு ஏற்ற மாதிரி மாற்றிப் பூட்டினார். அதற்காக அவர் எவரிடமும் அனுமதி கேட்கத் தேவை இருக்கவில்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். மருந்தில்லாமல் ஆட்கள் செத்தார்கள். பிள்ளைகள் போத்தல் விளக்கில் கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்கு அஞ்சி வலிகாமப் பகுதியே பெயர்ந்து தென்மராட்சிப் பகுதிக்கு நடந்தது. அப்படியொரு தடை எந்த ஊருக்கும் வரக்கூடாது. அந்தக் கொடுமையிலும் எங்களைத் தாங்கியவை இரண்டு: திருத்தத் தெரிந்த கைகள், திருத்தத்தக்கதாகச் செய்யப்பட்ட சாமான்கள்.

இப்போது குடாநாட்டில் எல்லாச் சாமானும் இருக்கிறது. ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்புகிற போன்கள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தைச் சுற்றிப் போன் திருத்தும் கடைகள் நிறைய. அப்படியொரு கடையில் நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு பெடியன் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உடைந்த திரையிலிருந்து மிளகைவிடச் சிறிய ஒரு சிப்பைச் சூடான காற்றால் இளக்கி, இடுக்கியால் தூக்கி, புதிய திரையில் அதே இடத்தில் இருத்திக்கொண்டிருந்தார்.

“புதுத் திரை அப்பிடியே போட்டாலும் படம் வரும் ஐயா. ஆனா இந்தச் சிப்பை மாத்தாட்டி, இது என்ர திரை இல்லையெண்டு போன் சொல்லும். சில வசதிகளையும் நிப்பாட்டிப் போடும்.”

“எங்கை தம்பி பழகினனீர்?”

“யூடியூப் பாத்துத்தான். கொம்பனி ஒண்டும் சொல்லித் தராது.”

இணுவில் அண்ணையின் கைக்கு எந்த விதத்திலும் குறையாத கை அது. ஆனால் இந்தப் பெடியன் தன் திறமையில் பாதியைப் பழுதோடு மல்லுக்கட்டவும், மீதியைச் செய்தவன் போட்ட பூட்டோடு மல்லுக்கட்டவும் செலவழிக்கிறார். அன்று தடை பொருளுக்கு. இன்று பொருள் கையில் இருக்கிறது, தடை அதைத் திருத்துவதற்கு.

உதிரிப்பாகங்களை மென்பொருளால் ஒரு போனோடு பிணைத்துவிடும் இந்த வழக்கத்துக்காக உலகம் முழுவதும் அதிகம் விமர்சிக்கப்பட்டது அப்பிள் நிறுவனம். 2021 இல் வந்த ஐபோன் 13 இல் வெளியார் திரையை மாற்றினால், முகம் பார்த்துத் திறக்கும் வசதி வேலை செய்யாமல் போனது. கண்டனம் எழுந்த பிறகே மென்பொருளில் அதைத் தளர்த்தினார்கள். அதற்கு முன், 2017 டிசம்பரில், பற்றரி பழசான ஐபோன்களின் வேகத்தைத் தாங்களே குறைத்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டு, பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராக இறக்கினார்கள். பற்றரி மாற்றினால் போதும் என்று அறியாமல் புதிய போன் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். 2020 இல் பிரான்ஸ் அதற்காக 25 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது.

நோர்வேயில் சிறு திருத்தகம் வைத்திருந்த ஹென்றிக் ஹூஸ்பியின் கதையை எங்கள் கடைக்காரர் ஒவ்வொருவரும் அறியவேண்டும். 2017 இல் அவர் தருவித்த, புதுப்பிக்கப்பட்ட 63 ஐபோன் திரைகளைச் சுங்கம் மறித்தது. வர்த்தகக் குறி மீறல் என்றது அப்பிள். முதல் நீதிமன்றத்தில் வென்ற அவர், 2020 இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்.

கொம்பனிகளின் நியாயத்தையும் கேட்கவேண்டும். பிணைப்பு இருந்தால் திருட்டுப் போனைப் பிரித்து விற்க முடியாது, மட்டமான பற்றரி தீப்பிடிக்கும், முகப்பதிவு பாதுகாப்பாக இருக்கவேண்டும் என்கிறார்கள். இவை உண்மையான கவலைகள்தான். ஆனால் களவு போன பாகத்தை மட்டும் அடையாளங்கண்டு மறிக்கலாம். எல்லாப் பாகத்தையும் மறிக்கத் தேவையில்லை. அது முடியும் என்பதை 2024 ஏப்ரலில் அப்பிளே காட்டியது. ஐபோன் 15 முதல், பயன்படுத்திய அசல் பாகங்களையும் பொருத்த வழிவிடுவதாக அறிவித்தது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் இத்தகைய பிணைப்பைச் சட்டத்தால் தடுத்தது அதற்குச் சில நாள் முன்புதான். சட்டம் வருகிற இடத்தில் பூட்டுத் திறக்கிறது.

போனை ஒருவரின் கணக்கோடு கட்டிவைக்கும் பூட்டும் இப்படித்தான். ரொறன்ரோவில் பாவித்த போனைக் கணக்கிலிருந்து கழற்றாமல் அனுப்பி, அனுப்பியவருக்குக் கடவுச்சொல்லும் மறந்துவிட்டால், இங்கே இருக்கும் தாய்க்கு அது வெறும் கண்ணாடித் துண்டு. திறந்துதரக் கேட்டால், வாங்கிய பற்றுச்சீட்டைக் காட்டச் சொல்லும் கொம்பனி. அது எந்தக் கண்டத்தில் கிடக்கிறதோ! ஐபோனில் எந்தச் செயலியை எந்தக் கடையில் எடுக்கலாம் என்பதையும் கொம்பனியே தீர்மானிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 மார்ச் முதல் தன் எல்லைக்குள் வேறு கடைகளுக்கும் ஐபோனில் இடம் வாங்கிக் கொடுத்தது. அந்த உரிமை பாரிசில் இருக்கும் மகனுக்கு உண்டு, பருத்தித்துறையில் இருக்கும் அப்பாவுக்கு இல்லை.

எங்களுக்கு இது சின்ன விடயம் இல்லை. 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனதை எல்லோரும் அனுபவித்தோம். ஒரு போனை இன்னும் நாலு வருடம் ஓடவைக்க முடிவது ஓர் ஆசிரியருக்கும் கடற்றொழிலாளிக்கும் மாதக்கணக்கான உழைப்பு மிஞ்சுவதற்குச் சமம்.

இலங்கையின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. ஆனால் திருத்தும் உரிமைக்கென்று இங்கே தனிச்சட்டம் இல்லை. சிறிய நாடு, பெரிய கொம்பனிகள் காது கொடுக்குமா என்று பலர் கேட்கிறார்கள். அவற்றைக் காது கொடுக்கவைக்கும் வேலையை மற்றவர்கள் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார்கள். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்பனைக்கு வரும் போன் மாதிரிகளுக்கு, விற்பனை நின்று 7 வருடம்வரை முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். 2024 நவம்பரில் கனடா, திருத்துவதற்காக மின்னணுப் பூட்டை உடைப்பது பதிப்புரிமைக் குற்றமாகாது என்று சட்டத்தைத் திருத்தியது. ஆகவே உதிரிப்பாகங்கள் எப்படியும் செய்யப்படுகின்றன, திருத்தும் கையேடுகள் எழுதப்படுகின்றன. அதே பாகத்தையும் அதே கையேட்டையும் இலங்கையில் உள்ள திருத்துநருக்கும் நியாய விலைக்குக் கொடுக்கவேண்டும் என்று கொழும்பில் ஒரு விதி வந்தால் போதும். அதைக் கேட்டு வாங்கவேண்டியவர்கள் நாங்கள் அனுப்பிய பாராளுமன்ற உறுப்பினர்கள். அவர்களைக் கேட்கவைக்கவேண்டியவர்கள் நாங்கள்.