பாலாற்றங்கரைப் பஞ்சாயத்து

ஆம்பூர்ப் பக்கம் பத்தாம் வகுப்புக் கூட்டாளிகள் முப்பது வருஷம் கழித்துக் கூடுவதென்றால், எந்த மாவட்டத்தில் கூடுவது என்பதிலேயே தகராறு தொடங்கிவிடும். படித்தபோது எல்லாரும் ஒரே மாவட்டம். 2019-இல் வேலூரை மூன்றாக்கியதில் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு போயின. வாலாஜாவுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவர் ராணிப்பேட்டைக்காரர் ஆனார். ஏற்கெனவே பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்களை அரசாணை இன்னொரு தடவை பிரித்தது.

அப்படிப் பேசாமல் இருந்தவர்களில் இரண்டு பேர். ஒருவருடைய அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரி. மற்றவருடைய அப்பாவுக்குப் பாலாற்றங்கரையில் தென்னந்தோப்பு. டேனரிக் கழிவு ஆற்றில் கலந்து, கிணற்று நீர் கரித்து, பயிர் நாசமான கதை இந்தப் பகுதியில் பலருக்குச் சொந்தக் கதை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று, நீதிபதி குல்தீப் சிங் இடம்பெற்ற உச்ச நீதிமன்ற அமர்வு, கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. டேனரிக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. இந்தத் தீர்ப்பைப் படிக்காமல் இந்தியாவில் யாரும் சுற்றுச்சூழல் சட்டத்தில் தேற முடியாது. வழக்கின் இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் பாடத்தில் காப்பியடித்த தகவல்தான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

சந்திப்பு நாளில் இருவரும் ஆற்றைப் பற்றித்தான் மோதிக்கொள்வார்கள் என்று மற்றவர்கள் பயந்திருந்தார்கள். தோப்புக்காரர் மரியாதையாக, "வாங்க பாய், சௌக்கியமா?" என்றார். அவ்வளவுதான்.

"நான் எப்படா உனக்கு பாய் ஆனேன்? ஆட்டுத்தோல்னு பேர் வச்சதே நீதானடா!"

"நீ என்னை உப்புத்தண்ணின்னு கூப்பிடலையா?"

பிறகு காணாமல் போன காம்பஸ், கைமாறாத காதல் கடிதம், ஹெட்மாஸ்டரிடம் கோள் சொன்னது யார் என்று விசாரணை நீண்டது. உச்ச நீதிமன்றம் வரை போன விஷயத்துக்கு விசாரணையே இல்லை. காம்பஸுக்கு மட்டும் சாட்சிகள் வரிசையாக எழுந்தார்கள். நடுவில் சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் வந்ததால் நீதிபதியாக இருந்தவர் பதவி விலகினார்.

கை கழுவும் இடத்தில்தான் ஆறு வந்தது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது, ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. இவர்களும் தனித்தனியே போயிருந்தார்கள்.

"அப்பா நினைப்பு வந்துச்சுடா" என்றார் டேனரிக்காரர்.

"உங்கப்பாவா?"

"உங்கப்பா. அந்தக் கிணத்தடியில எத்தனை இளநி வெட்டிக் குடுத்திருப்பாரு."

தோப்புக்காரர் கை கழுவிக்கொண்டே இருந்தார். பின்னால் நின்றவர், தண்ணீர் வீணாகிறது என்று சத்தம் போட்டார்.

பில் வந்தது. தோப்புக்காரர் அதை நண்பர் பக்கம் தள்ளினார். "சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. கெடுத்தவன் கட்டணும்."

"எங்கப்பா அப்பவே பத்தாயிரம் கட்டிட்டாரு."

"ரசீது வச்சிருக்கியா?"