அமைச்சர் இல்லாத அமைச்சரவை

கேள்வி: 1917-ல் ஆட்சியைப் பிடித்ததும் லெனின் அரசாங்கத்தை எப்படி அமைத்தார்? அமைச்சர்கள் இருந்தார்களா?

பதில்: ஆட்கள் இருந்தார்கள், 'அமைச்சர்' என்ற பெயர்தான் இல்லை! ஜார் காலத்து வாடை வீசும் சொல் என்று அதை ஒதுக்கிவிட்டு, 'மக்கள் கமிசார்' என்று பெயர் வைத்தார்கள். இரண்டாவது சோவியத் மாநாடு நியமித்த கமிசார்கள் குழுதான் அமைச்சரவை, தலைவர் லெனின். தலைமையகம், பெத்ரோகிராதில் பிரபுக்குலப் பெண்கள் படித்த ஸ்மோல்னி பள்ளிக் கட்டடம்.

பழைய அலுவலர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதால், பல துறைகளில் பெட்டகச் சாவியை வாங்குவதே பெரும்பாடு. தேசிய இனங்கள் துறை ஸ்டாலினுக்கு. ஸ்மோல்னியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் துறையின் பெயர் எழுதி ஒட்டிய தாள். துறை தயார்!

ஓர் அரசு மேசை நாற்காலி இல்லாமல்கூடத் தொடங்கலாம். 'கூடாது' என்று சொல்ல ஓர் அவை இல்லாமல் தொடங்கக் கூடாது. 1918 ஜனவரியில் கூடிய அரசியல் நிர்ணய சபையில் லெனினின் போல்ஷெவிக் கட்சிக்குப் பெரும்பான்மை இல்லை. ஒரே ஒரு அமர்வுதான். மறுநாள் உறுப்பினர்கள் வந்து பார்த்தால் கதவில் பூட்டு! 'செகா' என்ற ரகசியப் போலீஸோ அதற்கு முந்தைய மாதமே பிறந்துவிட்டது. எதை முதலில் திறந்தார்கள், எதை முதலில் பூட்டினார்கள் என்று பார்த்தாலே பின்னால் நடந்ததெல்லாம் விளங்கிவிடும்.

1946-ல் கமிசார்கள் மறுபடியும் அமைச்சர்கள் ஆனார்கள். பழைய பெயர் திரும்பி வந்தது; பூட்டிய சபை திரும்பவில்லை.