தலையாட்டி வாசகன்

நாவலில் யார் ‘நான்’ என்று வாயெடுத்தாலும் அவர் கட்சியில் சேர்ந்துவிடுவேன். விசாரணை, வாய்தா எதுவும் கிடையாது. வீட்டு மாமியார்–மருமகள் பஞ்சாயத்திலும் கடைசியாகப் பேசியவர் சொன்னதே எனக்கு நியாயம். அதனாலேயே என்னை இப்போது யாரும் மத்தியஸ்தத்துக்குக் கூப்பிடுவதில்லை.

கல்லூரியில் ‘ஜேன் அயர்’ (1847) பாடம். கதையை ஜேனே சொல்கிறாள். அவள் காதலிக்கும் ராச்செஸ்டர் மாடியறையில் பூட்டிவைத்திருக்கும் முதல் மனைவி பெர்த்தா, ஜமைக்காவிலிருந்து வந்தவள். தன் தரப்பைச் சொல்ல அவளுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. ‘காதலுக்கு வந்த தடை’ என்று தேர்வில் அவளைப் பற்றி எழுதி, அடிக்கோடும் போட்டேன். அவள் செத்ததும், கல்யாணம் நடந்துவிடுமே என்று நிம்மதி வேறு.

பிறகு ஜீன் ரீஸின் ‘வைட் சர்காசோ சீ’ (1966) கைக்கு வந்தது. கரீபியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ரீஸ், அந்த மாடியறைப் பெண்ணையே பேசவைத்தார். அவள் பெயர் அந்துவானெத். அடிமைமுறை ஒழிந்தபின் நொடித்துப்போன வெள்ளைப் பண்ணை வீட்டுப் பெண். கறுப்பர்களுக்கும் ஆகாதவள், இங்கிலாந்துக்காரர்களுக்கும் ஆகாதவள். முதல் பாகம் அவள் சொல்வது, உருகிப்போனேன்.

இரண்டாம் பாகத்தில் புருஷன் பேச ஆரம்பித்தான். மழை, காய்ச்சல், பிடிபடாத ஊர், பணத்துக்காக முடிந்த கல்யாணம். பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ என்று பக்கம் மாறிவிட்டேன். அவளைப் பழித்து ஒரு கடிதம் வந்தது. அவன் நம்பினான், நானும் நம்பினேன். அவளை அவன் ‘பெர்த்தா’ என்று கூப்பிடத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது: மாடியறைக்கு ஆள் தயாராகிறாள்.

ஞானம் வந்துவிட்டதாக நண்பர்களிடம் பீற்றிக்கொண்டேன். இந்த இரண்டு நாவல்களையும் பற்றி விமர்சகர் காயத்ரி ஸ்பிவாக் 1985-இல் எழுதிய கட்டுரையைப் படித்ததும் அதுவும் போயிற்று. அந்துவானெத்தை வளர்த்த கிறிஸ்தோபின், அந்துவானெத்தின் அம்மாவுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுக்கப்பட்ட அடிமை. அந்தப் புருஷனை நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்பவள் அவள்தான். கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறாள். கதையும் அவளை அதோடு விட்டுவிடுகிறது. ‘நான்’ என்று சொல்ல அவளுக்கு ஒரு பாகம் தரப்படவில்லை. எனக்கும் அது குறையாகத் தோன்றவில்லை.

கதை சொல்பவர் மாறினால் ஒருவருக்கு நியாயம் கிடைக்கலாம், எல்லோருக்கும் கிடைத்துவிடாது. இனி நாவலில் ஒருவர் ‘நான்’ என்று தொடங்கினால், பக்கத்தில் பேச வாய்ப்பில்லாமல் நிற்பது யாரென்று பாருங்கள். நான் சொல்கிறேன் என்பதற்காக உடனே தலையாட்டிவிடாதீர்கள்; இந்தப் பத்தி முழுக்கப் பேசியதும் நான் ஒருவன்தான்.