நண்டும் நாவலும்

கேள்வி: ஆங்கில அகராதியை மனப்பாடம் செய்கிறேன், மறுநாளே மறந்துவிடுகிறது. சீனக் குடும்பங்களைப் பற்றிய நாவல் படி என்கிறாள் தோழி. படிக்கலாமா?
– கல்லூரி மாணவி, புன்னைக்காயல்

பதில்: தாராளமாக! ஏமி டானின் 'தி ஜாய் லக் கிளப்' (1989) நாவலில் தொடங்குங்கள். சீனாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த தாய்மார்கள், அமெரிக்காவில் பிறந்த மகள்கள். புத்தாண்டு நண்டு விருந்தில் மகள் ஒருத்தி கால் ஒடிந்த நண்டைத் தனக்கு எடுக்கப்போக, தாய் பதறித் தடுக்கிறாள். அன்றிரவே தன் கழுத்துப் பச்சைக்கல் பதக்கத்தைக் கழற்றி மகளிடம் தருகிறாள். இதைப் படித்த பிறகு 'ஏர்லூம்' (பரம்பரைப் பொருள்) என்ற சொல் எதிர்ப்பட்டால் உங்களுக்கு ஆச்சியின் முத்துத்தோடு நினைவுக்கு வரும். அப்புறம் எங்கே மறப்பது?

வாழ்க்கையோடு சேர்ந்து வரும் சொல் மறக்காது என்பதற்கு உங்கள் ஊரே சாட்சி. போர்ச்சுக்கீசியரான அன்றிக் அடிகளார் அங்கே முத்துக்குளிக்கும் மக்களிடையே வாழ்ந்து தமிழ் கற்றார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற நூல் அவர் தமிழாக்கியதுதான். அவருக்கு ஏது தமிழ் அகராதி? ஊர்ப் பேச்சுதான்.

புரியாத சொல்லை உடனே தேடாதீர்கள், பக்கத்தை முடித்துவிட்டுப் பாருங்கள். நோட்டில் சொல்லை மட்டும் எழுதாமல் முழு வாக்கியத்தையும் எழுதிவையுங்கள்.