காரேறு படலம்

தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடலை ஒட்டியே போவது என்று முடிவான அன்றைக்கே இந்நூல் தொடங்குகிறது. தூரம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். திட்டம் போட ஆனது மூன்று வாரம்.

திட்டம் இருவகைத்து: கோயிலை முன்னிட்டது, வயிற்றை முன்னிட்டது. கடலை முன்னிட்ட மூன்றாவது வகை ஒன்றை வாட்ஸ்அப் குழுவில் நான் முன்மொழிந்தேன். வழிமொழிய ஆளில்லாமல் அது வழக்கொழிந்தது.

இனி, வேனுக்குள் இருப்போர். இவர்கள் வேற்றுமையால் எட்டு வகைப்படுவர். ஓட்டுபவர் எழுவாய். அவர் இல்லாமல் வாக்கியம் நகராது. டீக்கடையில் எல்லாருக்கும் முன்னால் பர்ஸை எடுக்கும் மச்சான் நான்காம் வேற்றுமை, பொருள், கொடை. புறப்படும் அன்று காலையில் 'லீவு கிடைக்கல' என்று செய்தி போடுபவர் ஐந்தாம் வேற்றுமை, பொருள், நீங்கல். ஜன்னலோரத்தில் முந்தின நாளே துண்டு போட்டவர் ஆறாம் வேற்றுமை, உடைமை. பின்சீட்டு ஆச்சி எட்டாம் வேற்றுமை, அதாவது விளி: "ஏ தம்பி, கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுப்பா." ஏனையவை வந்துழிக் காண்க.

அந்த விளிக்கும் ஓர் இலக்கணம் உண்டு. "சின்னப் பிள்ளைக்கு அவசரம்" என்பது இடக்கரடக்கல். பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்.

துண்டைப் பற்றி விரித்துரைக்க வேண்டும். தெற்கு நோக்கிப் போகும்போது கடல் இடப்பக்கம். ஆகவே இடப்பக்க ஜன்னலுக்குத்தான் போட்டி, வழக்கு, உறவுமுறிவு எல்லாம். ஆனால் காலையில் வெயிலும் அதே பக்கம்தான் வரும். போராடி இடம்பிடித்தவர் முள்ளக்காடு தாண்டுவதற்குள் அந்தத் துண்டையே எடுத்து ஜன்னல் கண்ணாடி இடுக்கில் செருகித் திரை கட்டிவிடுவார். தோற்று வலப்பக்கம் போனவருக்குப் பனங்காடாவது கிடைக்கும்.

காட்சி நால்வகை: தானே தெரிவது, இறங்கிப் பார்ப்பது, தூங்கும்போது கடந்துபோவது, திரும்பி வந்தபின் பிறர் சொல்லக் கேட்பது. இவற்றுள் முதல் வகை இவ்வழியில் அரிது. கடற்கரைச் சாலை என்ற பெயரை நம்பி வருபவர் உப்பளத்தையும் உடைமரத்தையும் வாழைத்தோட்டத்தையுமே மிகுதியும் காண்பார். கடல் வேண்டுமானால் இடப்பக்கம் பிரியும் ஒவ்வொரு கிளைச்சாலையிலும் திரும்ப வேண்டும். ஆலந்தலை, மணப்பாடு, பெரியதாழை, உவரி என்று ஒவ்வொன்றும் மீனவர் ஊரில் போய் முட்டி நிற்கும். வந்த வழியே திரும்பத்தான் வேண்டும். கூகுள் மேப் இதை நேரவிரயம் என்று கணக்கிடும்.

கொற்கை தனிவகை. பாண்டியரின் முத்துத் துறைமுகம் அது. இன்று கடல் அங்கிருந்து சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. கடல் பார்க்கக் கொற்கைக்குப் போகிறவர் இரண்டாயிரம் ஆண்டு தாமதம்.

நிறுத்தங்களில் தின்பண்டம் சார்ந்தவை தனிப் படலமாக விரியும்; சுருக்கிச் சொன்னால், மக்ரூன். முந்திரிப் பருப்பு, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு. காற்றுப்பட்டால் நமத்துப்போகும் என்ற காரணத்தைச் சொல்லி, பிரித்த பொட்டலத்தை அங்கேயே முடித்துவிடுவது மரபு. ஊருக்கு என்று வாங்கிய அரைக்கிலோ, முக்காணிப் பாலத்தில் தாமிரபரணியைக் கடக்கும்போது அடிக்காகிதமாக நின்றது.

திருச்செந்தூருக்கு ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தோம். ஆறுபடை வீடுகளில் கடற்கரையில் இருப்பது இது ஒன்றே. அந்தக் கடலைப் பார்க்கவாவது கூட்டம் விட வேண்டுமே. வரிசையில் மூன்று மணி நேரம் போனது. மீதித் திட்டம் அங்கேயே கெட்டது.

அதற்குமேல் வலப்பக்கம் திணை மயக்கம். பாலைக்கெனத் தனி நிலமில்லை என்பது பழைய இலக்கணம். குதிரைமொழித் தேரியைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது என் துணிபு. நெய்தலுக்குப் பக்கத்திலேயே செக்கச்செவேலென்று மணல்மேடு, அதில் பனை. உடன்குடிக் கருப்பட்டி பிறக்கும் நிலம் இது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடியும் இந்தச் செம்மண் பக்கம்தான். இலக்கணம் எழுத முனைந்த எனக்கு அங்கே ஒரு கும்பிடு போட ஆசை. வேனில் ஆதரவு இல்லை.

மணப்பாட்டில் மட்டும் நான் பிடிவாதமாகத் திருப்பச் சொன்னேன். கடலுக்குள் நீளும் மணற்குன்று, மேலே 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம், அருகே 1542இல் இக்கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. குன்றிலிருந்து பார்த்தால் கீழே கரை அரிவாள்போல் வளைந்து கிடக்கிறது. வளைவுக்குள் தண்ணீர் அலையடங்கிப் பச்சையாக நிற்க, வெளிப்பக்கம் அதே கடல் பாறையில் மோதி நுரைக்கிறது. வள்ளத்தின் நிழலில் ஒருவர் வலையின் கிழிசலைக் கால்பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஆச்சி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "வெயில் மண்டைய பொளக்கி, வாங்க போவோம்" என்றாள். பன்னிரண்டு நிமிடம் நின்றோம்.

உவரியில் கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயில் இரண்டாம் வகைக் காட்சி. எங்களுக்கு நான்காம் வகையானது. கூடங்குளம் மூன்றாம் வகை.

இத்தனை அவசரமும் படகுக்காக. விவேகானந்தர் பாறைக்குப் படகு மாலை 4 மணியோடு முடிந்துவிடும் என்பதை வைத்தே எல்லா நேரத்தையும் பின்னாலிருந்து முன்னாகக் கணக்கிட்டிருந்தோம். போய்ச் சேர்ந்தபோது மணி 4:20. 133 அடி வள்ளுவரைக் கரையிலிருந்தே பார்த்தோம். மச்சான் நான்காம் வேற்றுமைக்கேற்ப எல்லாருக்கும் சுண்டல் வாங்கிக் கொடுத்தார். ஆச்சி ஒரு வாய் போட்டுக்கொண்டு சொன்னாள்: "அந்த மணப்பாட்டுல இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம்லா."