ஆயிரம் தாண்டாத பாட்டு

கேள்வி: நம்மூர்ப் பாடகரின் பாட்டை ஸ்பாட்டிஃபையில் ஆண்டுக்கு 999 முறை கேட்டால் அவருக்கு என்ன கிடைக்கும்?
– வாசகர், பெட்டாலிங் ஜெயா

பதில்: புகழ் கிடைக்கும், காசு கிடைக்காது. முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது ஒலிக்காத பாட்டுக்கு ஒலிப்பதிவு உரிமத்தொகை இல்லை என்பது 2024 முதல் அங்கே விதி. அந்தப் பணத்தை நாங்கள் எடுப்பதில்லை, மற்றப் பாடல்களுக்கே பிரித்துத் தருகிறோம் என்கிறது நிறுவனம். உண்மைதான். பிரிக்ஃபீல்ட்ஸ் பாடகருக்குச் சேரவேண்டியது, ஏற்கெனவே கோடிமுறை கேட்கப்படும் பாட்டுக்குப் போகிறது. ஏழை வீட்டு உண்டியலை உடைத்துப் பணக்காரன் கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறார்கள்!

அப்படிப்பட்ட பாட்டுக்கு மாதம் சராசரியாக 3 அமெரிக்கக் காசுதானே, அது வங்கிக் கட்டணத்துக்கே காணாதே என்பார்கள். சரி, தே தாரிக்கின் நுரைகூட வராது. ஆனால் அவர்கள் கணக்குப்படியே இந்தச் சில்லறை எல்லாம் சேர்ந்தால் ஆண்டுக்குக் கோடிக்கணக்கான டாலர். சில்லறைதான் என்றால் ஏன் குனிந்து பொறுக்க வேண்டும்? எடுக்கும் அளவு சேரும்வரை பாடகர் பெயரிலேயே வரவு வைத்தால் போதுமே. போலியாகக் கேட்கவைக்கும் மோசடியைத் தடுக்கத்தான் என்பது அடுத்த வாதம். அதற்குத்தான் தனியாக அபராதம் கொண்டுவந்தார்களே! கணினியை ஏவிவிடுபவனுக்கு ஆயிரம் ஒரு தடையே இல்லை. கிள்ளானில் படுக்கையறையில் பாடிப் பதிவுசெய்யும் பையனுக்குத்தான் அது மலை. மலேசிய இந்தியர் மொத்தமே சுமார் 20 லட்சம் பேர். அந்தச் சின்னச் சந்தைக்கும் ஆங்கிலப் பாட்டின் உலகச் சந்தைக்கும் ஒரே அளவுகோல்.

பிடித்த பாடகருக்குக் காசு சேரவேண்டுமா? அவர் மேடையேறும்போது டிக்கெட் வாங்கிப் போங்கள். ஓசிப் பாஸ் கேட்காதீர்கள்.