நம்பத்தகுந்த நோயாளி ஆவது எப்படி?

நோய் வந்தால் என்ன செய்வது என்று சொல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். கையில் காசில்லாதபோது நோய் வந்தால் என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆளில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்த வழிகாட்டி.

பில்லிங் கவுன்ட்டரில் "அட்வான்ஸ் தீர்ந்துடுச்சு, சாயந்திரத்துக்குள்ள ஒரு லட்சம் கட்டிடுங்க" என்று சொல்லியாயிற்று. நகை அடகுக்கடைக்குப் போயாயிற்று. மைத்துனர் ஃபோனை எடுப்பதில்லை. அப்போது யாராவது, பெரும்பாலும் பக்கத்துக் கட்டில்காரரின் மகன், "ஆன்லைன்ல ஃபண்ட் கலெக்ட் பண்ணிப் பாருங்களேண்ணே" என்பான். அந்த நிமிடத்திலிருந்து உங்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, நோயாளியைப் பிழைக்க வைப்பது. இன்னொன்று, நோய் உண்மைதான் என்று முன்பின் தெரியாதவர்களை நம்ப வைப்பது. முதல் வேலையை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

முதலில் நல்ல நோயாகத் தேர்ந்தெடுங்கள். அதெல்லாம் நம் கையிலா இருக்கிறது என்று கேட்காதீர்கள். கொடுப்பவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்றால் சேரும். ஐம்பத்தைந்து வயது லாரி டிரைவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்றால் சேராது. டயாலிசிஸுக்கு முடிவு கிடையாது. கொடுப்பவருக்கோ ‘ஆபரேஷன் சக்சஸ்’ என்று ஒரு முடிவு வேண்டும். குடித்து ஈரல் கெட்டவர் என்றால் இந்த வழிகாட்டியை இத்துடன் மூடிவிடலாம். கேட்கும் தொகை பெரிதாக இருப்பதும் ஒரு வகையில் நல்லது. 2021இல் எஸ்.எம்.ஏ. என்ற தசைச் சிதைவு நோய் வந்த குழந்தைகளுக்கு ஸோல்ஜென்ஸ்மா ஊசி ஒன்று 16 கோடி ரூபாய் என்றதும் நாடே திரும்பிப் பார்த்தது. சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்தால் அந்த மருந்துக்கு ஜிஎஸ்டி வேண்டாம் என்று அந்தச் செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சிலே முடிவெடுத்தது. 16 கோடி என்ற எண்ணைக் கேட்டால் ஃபார்வர்டு செய்யக் கை பரபரக்கும். மாதாமாதம் ஏழாயிரம் என்றால் ‘பாவம்’ என்று மனசுக்குள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

அடுத்தது படம். இதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு படம் வேண்டும்: பிறந்தநாள் கவுனில் சிரிக்கும் படம் ஒன்று, மூக்கில் டியூப் போட்ட படம் ஒன்று. டியூபை ஒட்டியிருக்கும் பிளாஸ்திரி தெரிய வேண்டும். கையில் ஊசி ஏறும் இடம் தெரிய வேண்டும். அம்மாவின் கண் கலங்கியிருக்க வேண்டும், ஆனால் முகத்தைப் பொத்திக்கொள்ளக் கூடாது. முகம் தெரியாவிட்டால் யார் நம்புவார்கள்? ஐசியுவுக்குள் ஃபோனுக்கு அனுமதியில்லை என்பார் செக்யூரிட்டி. அவரிடம் கெஞ்சுங்கள், கெஞ்சிப் பழகுவதற்கு இது நல்ல இடம். குழந்தை தூங்கினால் எழுப்பி எடுங்கள். ‘இந்தப் படம் இன்னும் இருபது வருஷம் ஊரெல்லாம் சுற்றுமே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா’ என்று நினைப்பவர்களால் பணம் திரட்ட முடியாது.

படம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை: அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். கவரிங் செயினாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள். கவரிங் என்று படத்தில் எழுதியா இருக்கும்? டச் ஃபோன் படத்துக்குள் வரக் கூடாது. பிறகு உங்கள் ஃபேஸ்புக்கைச் சுத்தம் செய்யுங்கள். நன்கொடை கொடுக்காத ஒருவர் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து 2019 வரை தோண்டி, நீங்கள் தூண் பாறைக்கு முன்னால் கூலிங்கிளாஸ் போட்டு நிற்கும் படத்தை எடுத்துப் போட்டு, "கொடைக்கானல் போக மட்டும் காசு இருந்துச்சா?" என்று கேட்பார். அது கம்பெனியில் கூட்டிப்போன டூர் என்று விளக்காதீர்கள். பதில் சொல்லும் ஏழையை யாருக்கும் பிடிப்பதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பிரியாணிப் பொட்டலத்தோடு நிற்பதையும் தவிர்க்கவும். மகள் உள்ளே கிடக்கும்போது அப்பனுக்குப் பசிக்கக் கூடாது. அப்படியே பசித்தாலும் தயிர் சாதம்தான் பசிக்க வேண்டும்.

"ஏன் ஜி.ஹெச்.சுக்குப் போகல?" என்று கேட்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள், நியாயமான கேள்வியும்கூட. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, பட்டியலில் இருக்கும் தனியார் மருத்துவமனையிலும் செல்லும். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று அதில் ஒரு வரையறை இருக்கிறது. பட்டியலில் இல்லாத மருந்து இருக்கிறது. விபத்து நடந்த ராத்திரி எந்த வாசல் பக்கத்தில் இருந்ததோ அங்கே நுழைந்தவர்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம் கமென்ட்டில் எழுத ஆரம்பித்தால் நோயாளியை யார் பார்ப்பது? "டாக்டர் சொன்னாங்கண்ணா" என்று மட்டும் எழுதுங்கள்.

இனி ஆவணம். எஸ்டிமேட் லெட்டர் வேண்டும். உண்மையான எஸ்டிமேட்டை எப்படி அடையாளம் காண்பது என்று சொல்கிறேன். பெரிய டாக்டர் கான்ஃபரன்ஸ் போயிருப்பார், ஆகவே அது கைக்கு வர மூன்று நாளாகும். பெயரில் ஓர் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகாது. வயது ஐந்தா ஆறா என்று அட்மிஷன் ஷீட்டும் எஸ்டிமேட்டும் சண்டை போடும். சீல் பாதி தாளிலும் பாதி மேஜையிலும் விழுந்திருக்கும். அதை நீங்கள் ஆடும் கையால் ஃபோட்டோ எடுத்து அனுப்புவீர்கள், கட்டைவிரலும் சேர்ந்து விழும். ‘தெளிவாக இல்லை’ என்று, பணம் திரட்டும் தளத்தில் சரிபார்ப்பவர் திருப்பி அனுப்புவார். போலிக்கு இந்தத் தொல்லை கிடையாது. யாருடையதோ ஒரு பழைய எஸ்டிமேட்டில் பெயரை மாற்றினால் போதும். எழுத்துப் பிழை இருக்காது, சீல் நட்ட நடுவில் இருக்கும், பிடிஎஃப் பளிச்சென்று இருக்கும்.

இந்தத் துறையின் முன்னோடி ஒருவரைச் சொல்லாமல் போனால் வழிகாட்டி முழுமையாகாது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பெண் ஒருவர், தனக்கு ரத்தம் சம்பந்தமான புற்றுநோய் என்று 2012 வாக்கில் எழுத ஆரம்பித்து, தலையை மழித்து, மருத்துவமனைப் படங்கள் போட்டு, வருடக்கணக்கில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்த்தார். நோய் இல்லை. 2022இல் ஐந்து வருடச் சிறை. அவரிடம் இல்லாதது நோய் ஒன்றுதான். கதை, படம், தேவாலய நண்பர்கள், தினசரி அப்டேட் எல்லாம் குறைவில்லாமல் இருந்தன. உண்மையான நோயாளிகள் அவ்வளவு ஒழுங்காக அப்டேட் போடுவதில்லை. வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பிறகு தளம். இந்தியாவில் மிலாப் 2010இலும் கெட்டோ 2012இலும் தொடங்கின. இப்போது இன்னும் பல உண்டு. மருத்துவமனை எண்ணைக் கூப்பிட்டு விசாரிப்பது, பணத்தை நேராக மருத்துவமனைக் கணக்குக்கு அனுப்புவது எனச் சில ஏற்பாடுகள் இந்தத் தொழிலில் உண்டு, இல்லையென்று சொல்லக் கூடாது. கட்டணம் பூஜ்யம் என்று போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். ஆயிரம் ரூபாய் கொடுக்க வருபவரிடம், தளத்துக்கு ஒரு ‘டிப்’ என்று ஏற்கெனவே ஏதோவொரு சதவீதம் டிக் அடித்து நிற்கும். அதை எடுத்துவிட வழி உண்டு. சின்ன எழுத்தில், சாம்பல் நிறத்தில். விளம்பரத்துக்கு, பேமென்ட் கேட்வேக்கு, அதன் மேல் ஜிஎஸ்டிக்கு என்று எது எங்கே கழிகிறது என்பதைக் குடும்பத்தார் ஒப்பந்தத்தைப் படித்தே தெரிந்துகொள்ளலாம். படிக்க உகந்த நேரம், ஐசியு வாசலில் நள்ளிரவு இரண்டு மணி.

அரசாங்கத்தை மறந்துவிடாதீர்கள், அது உங்களை மறக்காது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து உங்கள் கணக்குக்கு வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா வந்தால், வருமான வரிச் சட்டம் அதை வருமானம் என்று எடுத்துக்கொள்ளும். கோவிட் சிகிச்சைக்காக வாங்கிய உதவிக்கு 2022 பட்ஜெட்டில் விலக்கு கொடுத்தார்கள். ஆகவே எந்த வைரஸ் என்பதிலும் கவனம் தேவை. கொடுப்பவருக்கு 80ஜி வரிச் சலுகையும் கிடையாது. அது பதிவு செய்த அறக்கட்டளைகளுக்குத்தான், உங்கள் மகளுக்கு இல்லை.

பணம் யார் கணக்கில் விழ வேண்டும்? மருத்துவமனைக் கணக்கில் என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் ஆட்டோக்காரரும், வெளியில் எடுக்கச் சொன்ன ஸ்கேனும், லாட்ஜ் வாடகையும், ஊரில் இருக்கும் இன்னொரு பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் மருத்துவமனைக் கணக்கில் வராது. உங்கள் கணக்கில் என்றால் ஆட்டோவுக்குக் கொடுத்த 300 ரூபாயும் மோசடிதான். மூன்றாவதாக ஒரு வழி உண்டு: சேவை செய்யும் அண்ணன். அவருக்கு லட்சக்கணக்கில் ஃபாலோயர்ஸ். வீடியோ எடுப்பார், உங்களுக்கு முன் அவர் அழுவார், நோயாளியின் பெயரில் கணக்குத் திறந்து செக் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார். தேவைக்கு மேல் வந்தால் மீதி ‘அடுத்த நோயாளிக்கு’. அடுத்த நோயாளி யார், எவ்வளவு என்று நீங்கள் கேட்டால், நன்றி கெட்டவர்கள் என்று அடுத்த வீடியோ வரும். உண்மையாகவே ராப்பகல் ஓடும் அண்ணன்களும் இருக்கிறார்கள். இருவரையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி கணக்கைக் கேட்பது. கேட்டால் இருவருக்குமே கோபம் வருகிறது என்பதுதான் சிக்கல்.

மீதிப் பணம் வெறும் கற்பனையில்லை. 2021இல் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் எஸ்.எம்.ஏ. வந்த ஒரு குழந்தையின் ஊசிக்கு 18 கோடி கேட்டார்கள். சில நாளில் 46 கோடிக்கு மேல் வந்து விழுந்தது. ஊரார் அமைத்த குழு, போதும், இனி அனுப்பாதீர்கள் என்று அறிவித்தது. மிஞ்சியது அதே நோய் வந்த மற்றக் குழந்தைகளுக்கு என்றார்கள். அந்த வருஷம் ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், யார் வேண்டுமானாலும் பணம் திரட்டும்படி விட முடியாது, அரசு கண்காணிக்க வேண்டும் என்றது. ‘போதும்’ என்று சொன்ன குழு செய்தியானதை வைத்தே, அந்தச் சொல் எவ்வளவு அபூர்வம் என்று தெரிந்துகொள்ளலாம்.

மொய்விருந்துக்காரர்களை மட்டும் இந்தப் பக்கம் சேர்த்துவிடாதீர்கள். ஆடி மாதம் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். கீரமங்கலத்திலும் பேராவூரணியிலும் கிடாக்கறிச் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே மொய்ப் பணம் வாங்குபவர், எழுதுபவர், சத்தமாக வாசிப்பவர் என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஊர், அப்பா பெயர், தொகை. இப்போது கம்ப்யூட்டர் வைத்து ரசீதும் அடித்துத் தருகிறார்கள். பத்து வருஷம் கழித்தும் நோட்டைப் பிரித்து, "உங்கப்பா செஞ்சது ஐயாயிரம்" என்று ஒருவர் வந்து நிற்பார். கொடுத்தவரை நினைவு வைத்திருக்க வேண்டும், வந்ததைச் சபையில் சொல்ல வேண்டும் என்ற பட்டிக்காட்டு வழக்கம் ஆன்லைனுக்குள் நுழைந்தால் பாதிக் கடையை மூட வேண்டிவரும்.

கொடுப்பவர்களுக்கும் ஒரு பத்தி. வாட்ஸ்அப்பில் வந்த க்யூஆர் கோடை உடனே ஸ்கேன் செய்யுங்கள். 2020 மார்ச்சில் பிஎம் கேர்ஸ் நிதி அறிவித்த கையோடு, யூபிஐ முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் விட்டுவிட்டுப் போலிகள் முளைத்தன. பிரதமர் பெயருக்கே அந்த கதி. உண்மைக் குழந்தையின் உண்மை வீடியோவில் கீழே இருக்கும் நம்பரை மட்டும் மாற்றுவது அதைவிடச் சுலபம். ஆனால் நீங்கள் மருத்துவமனை லேண்ட்லைனைத் தேடியெடுத்து, ஐபி நம்பர் சொல்லி, ‘இப்படி ஒரு பேஷண்ட் இருக்கிறாரா, உங்கள் கணக்குக்கே கட்டலாமா’ என்று விசாரிக்காதீர்கள். அது நோயாளியை அவமதிப்பது. படத்தைப் பெரிதாக்கி, காதில் இருப்பது தங்கமா என்று பார்ப்பது அவமதிப்பில் சேராது. கொடுப்பதற்கு முன்னால் பத்துக் கேள்வி கேளுங்கள், கொடுத்த பின் ஒன்றுகூட வேண்டாம். 500 ரூபாய் போட்டால் நன்றாகத் தூக்கம் வரும். அதற்கு மேல் பில் எங்கே, டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே என்று கேட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வானேன்?

கடைசியாக, எல்லாம் நல்லபடி முடிந்து வீட்டுக்கு வந்தவர்களுக்கு. பில்களை வரிசைப்படுத்தி, வந்தது இவ்வளவு, ஆனது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று கணக்குப் போட்டு வெளியிடுங்கள். நாலு பேர் இதயம் போடுவார்கள். ஒருவர், ரூம் வாடகை ஏன் ஏசிக்கு என்று கேட்பார். தளத்தில் பக்கத்தை மூடச் சொல்லுங்கள், நம்பரை எடுக்கச் சொல்லுங்கள், ‘சிகிச்சை முடிந்தது, பணம் அனுப்ப வேண்டாம்’ என்று எல்லாக் குரூப்பிலும் போடுங்கள். அந்தச் செய்தியை யாரும் ஃபார்வர்டு செய்ய மாட்டார்கள். பழையது ஓடிக்கொண்டே இருக்கும். மகள் பிளஸ் டூ எழுதும் வருஷமும் அவளுடைய ஐந்து வயதுப் படத்தோடு ‘நாளை காலை ஆபரேஷன்’ என்று வரும். யாராவது கூப்பிடுவார்கள். பொறுமையாகச் சொல்லுங்கள்:

"பாப்பா நல்லா இருக்காங்க சார். அது பழைய மெசேஜ். பணம் எதுவும் வேண்டாம் சார்."

"நல்லா இருக்கா? அப்ப நான் போன வாரம் போட்ட ஐந்நூறு?"

"எந்த நம்பருக்கு சார் போட்டீங்க?"

"அதெல்லாம் யாருப்பா பார்த்தா? கணக்கு நீங்கதான் சொல்லணும்."